புதுச்சேரியில் ஒரு கிறிஸ்தவ வரலாற்று வகுப்பு: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கிறிஸ்தவ வரலாறு சொல்லிக்கொடுக்கிறார்கள். இயேசுவின் காலத்து எருசலேமில் தொடங்கி இன்றைக்கு வரை வந்து முடிகிற ஆறு மாத வகுப்பு. கட்டணம் 2,500 ரூபாய், மாணவர்களுக்கு 1,000. குறிப்புப் புத்தகத்துக்குத் தனியாக 300. நான் போய் வந்தது தெரிந்து ‘எப்படி இருக்கு, சேரலாமா’ என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து விவரமாகவே எழுதிவிடுகிறேன். நடத்துகிற சார் தன் பெயரையும் போன் நம்பரையும் இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அவை இதில் இருக்காது.

தாராளமாகச் சேரலாம். முதல் நான்கு மாதம் நடந்த மாதிரி ஒரு வகுப்பு தமிழில் வேறெங்கும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசி இரண்டு மாதம் அந்தத் தரத்தில் இல்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் தரப்புத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவள், முதலியார்பேட்டையில் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வரலாறு பத்தாம் வகுப்போடு முடிந்துபோன பாடம். ஆனால் என் பிள்ளைகள் லீவுக்குக் கடலூர் போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடு வருவார்கள். “ஆயா வீட்ல ஏம்மா மாதா படம் இல்ல?” “அங்க சாமியார் எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிறாரு?” ‘அது வேற சபைடா’ என்று சொல்லிவிடலாம். ஏன் வேறானது, எப்போது வேறானது, யார் பிரித்தார்கள் என்று அடுத்த கேள்வி வந்தால் என்னிடம் பதில் கிடையாது. என் மாமனாரிடமும் இல்லை, என் அப்பாவிடமும் இல்லை. இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமை தவறாதவர்கள். அந்தப் பதிலுக்காகத்தான் பணம் கட்டினேன்.

சார் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சாமியாரும் இல்லை, போதகரும் இல்லை. இது பெரிய வசதி. எங்களோடு சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகும் ஒரு இந்துப் பையன், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் ஒரு பெண், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், பழைய நாணயம் சேர்க்கும் ஒரு பாய் எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாருக்கும் தன்னை யாரோ மாற்றப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் வரவில்லை. வகுப்பு ஜெபத்தோடு தொடங்குவதில்லை. நேராகப் பாடம்தான்.

மாடி ஏறி உள்ளே போனதும் கண்ணில் படுவது சுவரில் ஒட்டியிருக்கும் காக்கித் தாள் சுருள். ஒரு நூற்றாண்டுக்கு ஒரு மீட்டர். இருபது மீட்டர் தாள் அறையின் மூன்று சுவர்களையும் சுற்றி வருகிறது. அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சான்று இருக்கும் செய்தியைக் கறுப்பு மையில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வாய்வழியாக வந்த மரபை நீல மையில். முதல் மீட்டரிலேயே கண் நிற்கும். கி.பி. 50ஐ ஒட்டிக் கறுப்பில் பவுலின் கடிதங்கள். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தது. அதை ஒட்டித்தான் மாற்கு நற்செய்தி. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் மத்தேயு முதலில் இருக்கிறது, ஆனால் முதலில் எழுதப்பட்டவை பவுலின் கடிதங்கள். விசுவாசிகளுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் அந்தியோக்கியாவில் வந்தது. இவையெல்லாம் வேதாகமத்தை வருஷக்கணக்காக வாசிக்கிறவர்களுக்கும் ஒழுங்காக அடுக்கிப் பார்க்கக் கிடைக்காத விஷயங்கள்.

அதே முதல் மீட்டரில் 52 என்று நீல மையில் இருந்தது: இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லும் மரபு. நர்ஸ் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. “அப்ப தோமையார் வரவே இல்லையா சார்?”

“வரலைன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லம்மா. வந்தார்னு அந்தக் காலத்து எழுத்தும் கிடைக்கல. ஆனா பழைய துறைமுகம் அரிக்கமேடு எங்க இருக்கு? நம்ம பஸ் போற தூரத்துல இருக்கு. 1945ல தொல்லியல்காரர் வீலர் அங்க தோண்டினப்ப இத்தாலியில செஞ்ச மண்பாண்டம் வந்துச்சு, திராட்சை ரச ஜாடி வந்துச்சு. வர்றதுக்கு வழி இருந்துச்சு. அதுக்கு மேல நான் சொன்னா பொய் சொன்னதாயிடும்.”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் கடைசி வகுப்பு வரை வந்தார். இந்த நிதானம்தான் இந்த வகுப்பின் பலம். கொஞ்சம் தள்ளி ஆறாம் நூற்றாண்டில் கறுப்பு மை வருகிறது, மலபாரில் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதிவைத்த கிரேக்க வணிகர் காஸ்மாஸ். அப்புறம் 849, கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேர அரசன் தாணு ரவியின் காலத்தில், வேணாட்டு அய்யனடிகள் அங்கிருந்த கிறிஸ்தவப் பள்ளிக்கு உரிமைகள் கொடுத்த பத்திரம். எழுத்து வட்டெழுத்து. சாட்சிகள் மட்டும் அவரவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்: பழைய அரபு எழுத்தில் சிலர், பாரசீகத்துப் பஹ்லவியில் சிலர், எபிரேயத்தில் சிலர். அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் நாணயம் சேர்க்கும் பாய் எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார். ஒரு கிறிஸ்தவக் கோவிலுக்கு முஸ்லிமும் யூதரும் பாரசீகரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

ரோமாபுரிப் பகுதியில் எனக்கு மறக்காதது பிளினியின் கடிதம் வாசித்த நாள். கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வட கரையில் ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனிடம் கேட்டு எழுதுகிறார். அவர் எதிரி தரப்பு ஆள், புகழ்வதற்கு எந்தக் காரணமும் இல்லாதவர், அதனால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு என்றார் சார். ஒரு குறிப்பிட்ட நாளில் விடியும் முன்னால் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக நினைத்துப் பாட்டுப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்துபோய் மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள அவர் சித்திரவதை செய்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. அவர்கள் அந்தச் சபையில் பொறுப்பில் இருந்தவர்கள் என்பதும் கடிதத்தில் வருகிறது. டிராஜனின் பதில்: தேடிப் போய்ப் பிடிக்க வேண்டாம், குற்றம் நிரூபணமானால் தண்டிக்கலாம், மொட்டைக் கடிதத்தை மட்டும் ஏற்கவே கூடாது. சார் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். அந்த இரண்டு பெண்களின் பெயர் கடிதத்தில் இல்லை. முதல் நூறு வருஷத்துச் சபையில் யார் வேலை செய்தார்கள் என்று இனிமேல் யாராவது கேட்டால் அவர்களைத்தான் முதலில் சொல்வேன்.

நிசேயா சங்கத்துக்கு, அதாவது ஆயர்கள் கூடிய பெரிய ஆலோசனைக் கூட்டத்துக்கு, ஒரு சாயங்காலம் முழுக்கக் கொடுத்தார். வாட்ஸப்பில் சுற்றுகிற கதை எல்லோருக்கும் தெரியும்: 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு எந்தப் புத்தகம் வேதாகமத்தில் இருக்கலாம் என்று முடிவு செய்தார் என்பது. அந்தச் சங்கத்தில் பேசப்பட்டது வேறு. ஆரியுஸ் என்ற குரு, மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். அது சரியா தவறா என்பதுதான் வழக்கு. புத்தகப் பட்டியல் அங்கே விவாதமே இல்லை. இன்றைக்கு நாம் வைத்திருக்கும் 27 புத்தகங்களும் அப்படியே ஒரே பட்டியலாக வருவது 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா கடிதத்தில். 313இல் மதச் சுதந்திரம் கொடுத்த கான்ஸ்டன்டைன் தானே ஞானஸ்நானம் வாங்கியது 337இல், மரணப் படுக்கையில். 380இல் பேரரசர் தியோடோசியுஸ் இதையே அரசாங்க மதமாக்கினார். அடி வாங்கிய சபை கோலைக் கையில் எடுத்ததையும் சார் மறைக்கவில்லை. பிற மதத்தாருக்கும், மாற்றுக் கருத்துள்ள கிறிஸ்தவர்களுக்கும் அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை அடுத்த வாரமே எடுத்துக்கொண்டார்.

பெரும்பாலான இடங்களில் சபை வரலாறு என்றால் எருசலேம், ரோம், ஐரோப்பா, கப்பலேறி இந்தியா என்று ஒரே திசையில் போகும். இங்கே கிழக்குப் பக்கமும் கொண்டுபோகிறார். எதியோப்பியாவின் அக்சும் அரசன் எசானா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவரானது, சிரியாக் மொழி பேசிய எதேசா நகரம், பாரசீகத்துச் சபை. சீனாவின் சியான் நகரில் 781இல் நிறுத்தப்பட்ட கல்லில், அலோபென் என்பவர் 635இல் அங்கே வந்து போதித்த செய்தி சீனத்திலும் சிரியாக்கிலும் வெட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரில் இதை வெள்ளைக்காரன் மதம் என்று சொல்கிறவர்களும், வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று பெருமைப்படுகிறவர்களும் அந்தக் கல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடைக்காலம் வேகமாகப் போய்விட்டது. 1054இல் ரோமின் சபையும் கான்ஸ்டான்டிநோபிளின் கிழக்குச் சபையும் பிரிந்தது, 1099இல் சிலுவைப்போர் வீரர்கள் எருசலேமில் நடத்திய படுகொலை, 1204இல் இன்னொரு சிலுவைப்போர்ப் படை கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடியது. எனக்கு இது போதும் என்றிருந்தது. வரலாறு படித்தவர்களுக்குக் குறைவாகத் தெரியலாம்.

புராட்டஸ்டன்ட் பிரிவைத் தொடங்கிவைத்த லூத்தரின் பாடத்துக்கு ஒரு சி.எஸ்.ஐ. போதகரை அழைத்து வந்தார்கள். அதே மேஜையில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் அம்மாவும் இருந்தார். லூத்தர் தன் எதிர்ப்பை வெளியிட்ட 1517 அக்டோபர் 31க்கு முந்தின நிலைமையை அம்மாவே சொன்னார், பாவமன்னிப்புச் சலுகைகளை விற்றது உட்பட, எதையும் மழுப்பாமல். லூத்தர் பிற்காலத்தில் யூதர்களைப் பற்றி எழுதிய கொடுமையான வார்த்தைகளைப் போதகர் தானாகவே எடுத்தார். ஒருவர் தரப்புக் குற்றத்தை அவரவரே சொன்னதால் சண்டைக்கு இடமே இல்லாமல் போயிற்று. கத்தோலிக்கச் சபை 1545லிருந்து 1563 வரை திரிதெந்து சங்கத்தில் தன்னைச் சீர்செய்துகொண்டது வரை அன்றைக்குப் பேசினார்கள். என் பிள்ளைகளின் கல்யாணக் கேள்விக்கும் மாதா கேள்விக்கும் அன்றைக்குப் பாதிப் பதில் கிடைத்தது.

மீதிப் பாதி நம் ஊர்ப் பகுதியில் இருந்தது. இந்த வகுப்பின் உயிரே அதுதான்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு சவேரியார், 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட தமிழ்ப் புத்தகம், 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்திய ராபர்ட் தெ நோபிலி. இது வரைக்கும் பாடப் புத்தகத்திலும் வரும். வராதது 1703. சீனாவுக்குப் போகிற வழியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இறங்குகிறார். உடம்பு முடியாமல் மாதக்கணக்கில் இங்கேயே தங்குகிறார். நோபிலியின் வழியில் போன சேசு சபையார் (ஜெசுயிட்கள்) தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எந்தெந்தச் சடங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, 1704இல் ஓர் ஆணை போடுகிறார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. பெண் பெரியவளானதைக் கொண்டாடக் கூடாது. மாதவிலக்கு என்று சொல்லி ஒரு பெண்ணைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராதே எனத் தடுக்கக் கூடாது. நெற்றியில் சாம்பல் பூசக் கூடாது. அப்புறம் இன்னொன்று: நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குச் சாமியார்கள் போயே ஆக வேண்டும்.

நான் அன்றைக்குக் குனிந்து என் தாலியைப் பார்த்தேன். அதில் சிலுவை இருக்கிறது. என் மாமியார் தாலியிலும், அவர் மாமியார் தாலியிலும் அதுதான். கழுத்தில் கிடக்கிற பொருளைப் பற்றி இந்த ஊரில் உட்கார்ந்து ஒருவர் சட்டம் எழுதினார் என்பதும், எழுதின அதே தாளில் சேரிக்குப் போகாத சாமியார்களைப் பற்றியும் எழுதினார் என்பதும் என்னை விடவே இல்லை. சேசு சபையார் ரோமுக்கு எழுதி எழுதி அந்த ஆணையை எதிர்த்தார்கள். நாற்பது வருஷம் இழுத்து 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசித் தீர்ப்புச் சொன்னார். சேரி மக்களுக்கென்றே தனிச் சாமியார்களை வைக்கலாம் என்று ஒரு வழியும் அதில் திறந்தது.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததைப் படிக்கத்தான் எங்களைப் புதுச்சேரியின் பேராலயமான சம்பா கோவிலுக்கு அழைத்துப் போனார். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1791இல் முடிந்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்த கோவிலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிள்ளை கிறிஸ்தவர் இல்லை, ஊரில் நடந்ததை எழுதிவைத்தவர். கோவிலுக்குள் வடக்குப் பக்கத்தில் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர்கள், மறு பக்கம் மற்ற சாதிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். பறையர்கள் கூட்டமாகச் சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று கேட்கிறார்கள். சுவர் இடிக்கப்படுகிறது. மற்றவர்கள் அதை எதிர்த்துக் கூடிப் பேசியதையும் பிள்ளை விடாமல் எழுதியிருக்கிறார். மத்தியானப் பூசை முடிந்து கோவில் காலியாக இருந்த நேரம். டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் பெண்தான் அதை வாசித்தாள். பழைய தமிழ், வாக்கியம் முடிவதே இல்லை, மூச்சு வாங்கி வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்ததும் வடக்குப் பக்கம் எது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். “இது அந்தக் கட்டடம் இல்ல” என்று சார் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அங்கேயே இன்னொன்றும் படித்தார். 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டது. பிள்ளை அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். சுற்றுலாப் பையன் அந்தக் கோவில் பக்கமே வளர்ந்தவன். அவனும் நாங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டோம். கிறிஸ்தவ வரலாறு என்று பெயர் வைத்த வகுப்பில் இந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது சுலபம். அவர் தவிர்க்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இந்தக் கோவிலையும் தரைமட்டமாக்கினார்கள் என்பதையும் அதே குரலில் சொல்லி முடித்தார்.

கடலூர்ப் பயணம் எனக்குப் பிறந்த வீட்டுப் பயணம். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை மிச்சத்தைப் பார்த்துவிட்டு ஓ.டி.க்கு வந்தோம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் இறங்கிய கதையை சபைப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருப்போம். அங்கிருந்து கடலூருக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. 1737இல் சார்ட்டோரியுஸ், கைஸ்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இங்கே வந்தார்கள். ஆட்கள் ஜெர்மன் லூத்தரன்கள், சம்பளம் லண்டன் ஆங்கிலிகன் சங்கத்துடையது, ஊர் ஆங்கிலேயக் கம்பெனியுடையது. 1740இல் கீர்னாண்டர் என்ற சுவீடன் மிஷனரி வந்தார். 1749இல் கம்பெனி இங்கிருந்த கத்தோலிக்கச் சாமியார்களை வெளியேறச் சொல்லிவிட்டு அவர்களுடைய கோவிலைக் கீர்னாண்டரிடம் ஒப்படைத்தது. 1750இல் பேர்பெற்ற மிஷனரி சுவார்ட்ஸ் இந்தியாவில் முதலில் கால் வைத்ததும் கடலூரில்தான். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் கீர்னாண்டர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். என் பிறந்த வீட்டுச் சபையும் புகுந்த வீட்டுச் சபையும் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்திருக்கின்றன. துரத்தியவர்கள் ஐரோப்பாவில் நடந்த சண்டையை இங்கே நடத்தியிருக்கிறார்கள். என் அப்பாவையும் அன்றைக்கு அழைத்து வந்திருந்தேன். அவர் பிறந்ததிலிருந்து கும்பிட்ட சபையின் 1749ஆம் வருஷத்துக் கதையை அன்றைக்குத்தான் கேட்டார். “இத எங்க ஐயருங்க யாருமே சொன்னதில்லையே” (அவர் ஐயர் என்பது சபைப் போதகரை) என்று வீட்டுக்குப் போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இதற்கப்புறம்தான் வேகம் கெடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இன்று வரை மொத்தமும் கடைசி இரண்டு மாதத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது, அதிலும் விழாக்களால் விடுபட்ட சனிக்கிழமைகள் வேறு. 1876லிருந்து 78 வரை நடந்த பெரும் பஞ்சம், அதே காலத்தில் 1877இல் எழுந்த வில்லியனூர் லூர்து மாதா கோவில், கூட்டம் கூட்டமாக நடந்த மதமாற்றங்கள், எல்லாம் ஒரே சாயங்காலம். லாஸ் ஏஞ்சல்ஸில் 1906இல் தொடங்கிய அசூசா தெரு எழுப்புதல் பாதி வகுப்பு. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கும் பெந்தெகொஸ்தே சபைகளின் கதை அது. நர்ஸ் அக்கா அதற்காகத்தான் ஆறு மாதமும் காத்திருந்தார். அவருக்கு நியாயம் நடக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை உருவானது, ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது, உலகமே கவனித்த நிகழ்ச்சி. அதற்குக் கால் மணி நேரம். கத்தோலிக்கப் பூசை லத்தீனிலிருந்து அந்தந்த ஊர் மொழிக்கு மாற வழிசெய்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு, 1962லிருந்து 65 வரை நடந்தது, கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைத்தது. அதுவும் சார் தயவால் இல்லை, என் மாமியாரால். விருந்தினரை ஒரு நாள் இலவசமாக அனுமதிக்கிறார்கள், அன்றைக்கு அத்தையை அழைத்துப் போயிருந்தேன். லத்தீன் பூசை எப்படி இருந்தது என்று சார் பொதுவாகக் கேட்க, அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே “தோமினுஸ் வோபீஸ்கும்” என்றார், பதிலையும் அவரே சொன்னார், “எத் கும் ஸ்பிரித்து தூவோ”. சின்னப் பிள்ளையில் அர்த்தம் தெரியாமல் சொன்னது, நாக்கில் அப்படியே இருக்கிறது. சாமியார் முதன்முதலில் ஜனங்கள் பக்கம் திரும்பி நின்று தமிழில் பூசை வைத்தபோது, தன் அம்மா அழுதுவிட்டார் என்றும், அது சந்தோஷமா துக்கமா என்று தனக்கு இன்று வரை தெரியாது என்றும் சொன்னார். அறையே அமைதியாகிவிட்டது. இப்படிப் பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். கடைசி மாதங்களுக்கு அவர்களை முறையாக அழைத்து வந்து உட்காரவைத்தால் போதும், அந்தப் பகுதி தானாக நிமிர்ந்துவிடும்.

என் பெரிய மனக்குறை வேறு. 1745ஆம் வருஷத்துச் சுவருக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் கொடுத்த வகுப்பு, 1950ஆம் வருஷத்து ஆணையைப் பத்து நிமிஷத்தில் தாண்டியது. பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றது அந்தக் குடியரசுத் தலைவர் ஆணை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே இருக்கிறார்கள். அரசாங்கம், மதம் மாறியதால் உனக்குச் சாதி இல்லை என்கிறது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடத் தனித்தனியாக இருந்திருக்கிறது. செத்தவர்களுக்கும் சுவர். இரண்டு பக்கமும் அடி வாங்கும் இந்த ஜனங்கள்தான் தமிழ்நாட்டுத் திருச்சபையின் பெரும்பகுதி. பழைய சுவரைப் பற்றி அவ்வளவு தைரியமாகப் பேசியவர் இதற்கு நேரமில்லை என்று சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கருத்துத் தாளில் இதை எழுதிக் கொடுத்தேன், நேரிலும் சொன்னேன். அடுத்த முறை இரண்டு வகுப்பு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்றைய உலக நிலவரம் பற்றிய கடைசி வகுப்பு நன்றாக இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில், இன்று எந்தக் கண்டத்தையும்விட ஆப்பிரிக்காவில் அதிகம் பேர். 1054இல் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டதை ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் 1965இல் திரும்பப் பெற்றார்கள். காக்கித் தாளின் கடைசி முழம் வெற்றாக இருக்கிறது, அதில் அவரவருக்கு முக்கியமாகப் படுவதை எழுதச் சொல்வார். நான் 1950 என்று அம்பு போட்டு, இன்னும் முடியவில்லை என்று எழுதினேன்.

சரி, வசதிகள். குறிப்புப் புத்தகத்தில் எழுத்து தெளிவு, வரைபடங்கள் மோசம். கலரில் இருந்ததைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்ததால் கடல் எது கரை எது என்று தெரியாது. வீட்டிலிருந்து பிள்ளைகளின் அட்லஸை எடுத்துப் போனால் நல்லது. புரொஜெக்டர் அடிக்கடி மக்கர் செய்யும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், மூட்டு வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். கழிப்பறை கீழே. வண்டி நிறுத்துவது சனிக்கிழமை சாயங்காலத்தில் கஷ்டம், நேரு வீதிக் கூட்டம் அங்கே வரை வந்துவிடும். சுக்குக் காபி தருகிறார்கள், நன்றாகவே இருக்கும்.

யாருக்கு இது சரிப்படும்? தன் சபைதான் ஆதியிலிருந்து மாறாத சபை என்று நிரூபிக்க விஷயம் தேடி வருகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. கிறிஸ்தவத்தைத் திட்டுவதற்குக் குறிப்பெடுக்க வருகிறவர்களுக்கும் அப்படித்தான். யூடியூபில் இரண்டு வகையும் இலவசமாகவே கிடைக்கின்றன. சபைப் பள்ளியில் படித்தவர்கள், கலப்பு வீட்டுக்காரர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஊரைச் சுற்றிக்காட்டும் பிள்ளைகள் கண்டிப்பாகப் போகலாம். மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் இளைஞர்களை அந்தந்தப் பங்குக் கோவிலே பணம் கட்டி அனுப்ப வேண்டும் என்பேன்.

அடுத்த சுற்று பள்ளி திறந்த பிறகு ஜூன் கடைசியில் தொடங்குகிறது. மிஷன் வீதிப் புத்தகக் கடைகளில் கேட்டால் வழி சொல்வார்கள். கடலூரிலிருந்து வருகிறவர்கள் நாலரை மணிக்கே பஸ் ஏறிவிட்டால் முதல் பத்து நிமிஷம் தவறாது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போன வாரத்துச் சந்தேகங்களை எடுத்துக்கொள்கிறார்.